கண்ணீர் விட்டால் கணக்குத் தீருமா?

வில்லன் வதைத்தால் அது கொடுமை. வீரன் வதைத்தால் அது கடமை! வில்லன் சட்டத்தை மிதித்தால் அவன் கயவன். வீரன் மிதித்தாலோ, பாவம், அவன் உள்ளம் படாத பாடு படுகிறதாம்! இந்தப் புதுநீதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆயினும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களிலும், படக்கதை ஏடுகளிலும், வீரர்களைப் பற்றிய திரைப்படங்களிலும் கால் நூற்றாண்டாக இது ஓயாமல் ஓதப்பட்டு வருகிறது. அங்கே ஓதப்படுவது அங்கேயே நிற்பதில்லை. கடல் கடந்து, மொழி மாறி, நம் வீட்டுக் கூடத்துக்கே வந்து சேருகிறது. ஆகவே, அதனை எடைபோட்டுப் பார்ப்பது நம் கடமையாகிறது.

"அப்படியானால் மாசுமறுவற்ற வீரன்தான் வேண்டுமா உங்களுக்கு?" என்று கேலி பேசுவோர் உண்டு. வேண்டாம் தோழர்களே, வேண்டவே வேண்டாம்! விதி போட்டு அத்தகைய வீரனைச் செய்து பார்த்த கதையை உலகம் அறியும். 1954-ஆம் ஆண்டில், மனநல மருத்துவர் பிரெட்ரிக் வெர்தாமின் நூலும் செனட் குழுவின் விசாரணையும் கிளப்பிய புயலுக்கு அஞ்சி, அமெரிக்கப் படக்கதை வெளியீட்டாளர்கள் தமக்குத் தாமே ஓர் ஒழுங்கு விதித் தொகுப்பை வகுத்துக்கொண்டனர். காவலர், நீதிபதி, அரசு அதிகாரி ஆகியோரின் மதிப்புக் குறையும்படி எதுவும் வரையலாகாது. எந்தக் கதையிலும் நன்மையே வெல்லவேண்டும் என்றது விதி.

விளைவு என்ன? 1956-இல் 'இ.சி.' நிறுவனம் தன் விஞ்ஞானக் கதை ஏட்டில் பழைய கதையொன்றை மறுபதிப்பாக வெளியிட முனைந்தது. இயந்திர மனிதர்கள் வாழும் ஒரு கோள். அங்கே ஆரஞ்சு நிறத்தார் மேலோர். நீல நிறத்தார் கீழோர். ஆய்வு செய்ய வந்த பூமியின் தூதர், "விண்ணுலகக் கூட்டரசில் சேர உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை" என்ற முடிவை அறிவித்துவிட்டுத் திரும்புகிறார். கடைசிப் படத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார் — அவர் ஒரு கறுப்பர்! அந்த முகத்தை மாற்றவேண்டும் என்றார் விதிக் காவலர். மாற்ற மறுத்து, அப்படியே அச்சிட்டார் வெளியீட்டாளர் கெய்ன்ஸ். ஒழுக்கத்தைக் காக்கக் கிளம்பிய கூட்டம் முதலில் மறைக்கத் துடித்தது எதை என்று பார்த்தீர்களா? அநீதியைச் சுட்டிய முகத்தை! எனவே, அந்தப் பொம்மை வீரர்களுக்காக நாம் ஏங்கவில்லை. தடுமாறும் மனிதனைக் காட்டுவது கலையின் உரிமை. சில வேளைகளில் அதன் கடமையுங்கூட.

நாம் கேட்பது வேறொன்று. தடுமாறினான், சரி. தவறினான், சரி. விலை கொடுத்தவன் யார்? கணக்குக் கேட்டவன் யார்?

'24' என்ற தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொள்வோம். 2001 நவம்பரில், நியூயார்க் கோபுரங்கள் தகர்ந்த இரண்டே மாதங்களில் தொடங்கியது அது. பயங்கரவாத எதிர்ப்புப் படையைச் சேர்ந்த ஜாக் பாவர் அதன் நாயகன். கடிகாரம் துடிக்கிறது, குண்டு எங்கோ காத்திருக்கிறது, நாற்காலியில் ஒருவன் கட்டப்பட்டிருக்கிறான். பாவர் அவனை வதைக்கிறார், உண்மை வெளிவருகிறது, நகரம் பிழைக்கிறது. பிறகு பாவரின் முகத்தில் வேதனை! முதல் ஐந்து பருவங்களில் மட்டும் 67 வதைக் காட்சிகள் என்று எண்ணிச் சொன்னது அமெரிக்கப் பெற்றோர் அமைப்பொன்று. அந்த 67 காட்சிகளிலும் நம் கண்ணீர் யாருக்காகக் கேட்கப்பட்டது? பெரும்பாலும் வதைத்தவருக்காக! வதைபட்டவனுக்கோ தாயில்லை, மனைவியில்லை, மறுநாள் இல்லை. கதைக்குத் தேவையான ஒரு சொல்லைக் கக்கியதும் அவன் கதையிலிருந்தே மறைந்துபோகிறான்.

"கதைதானே ஐயா, இதற்கு ஏன் இத்தனை ஆத்திரம்?" என்பர். கதை கதையாக நின்றதா? 2006 நவம்பரில், வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்விக்கூடத்தின் கல்வித் தலைவர் பிரிகேடியர் ஜெனரல் பாட்ரிக் பின்னேகன், அனுபவம் மிக்க விசாரணையாளர்களை உடனழைத்துக்கொண்டு அந்தத் தொடரின் படப்பிடிப்பிடத்துக்கே சென்றார். 'வதை சட்டவிரோதம் என்று வகுப்பறையில் நான் சொல்லிக்கொடுக்கிறேன். வதை பலிக்கிறது என்று நீங்கள் சொல்லிக்கொடுக்கிறீர்கள்' என்பதே அவருடைய முறையீட்டின் சாரம். முறையிட்டவர் சாத்வீகச் சங்கத்தார் அல்லர். சீருடை அணிந்த படைத் தளபதி!

தளபதி அவ்வாறு, நீதிபதியோ? 2007-இல் கனடா நாட்டு ஒட்டாவா நகரில் கூடிய சட்ட மாநாட்டில், அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி அன்டனின் ஸ்காலியா, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் காப்பாற்றியவர் அல்லவா பாவர், அவரைத் தண்டிக்க எந்த ஜூரி துணியும் என்று வினவினார். காப்பாற்றப்பட்ட நகரம் கற்பனை, காப்பாற்றியவர் கற்பனை, ஆனால், அவருக்காக வாதாடிய நீதிபதி கற்பனை அல்லர்!

கற்பனைக்கு வெளியே நடந்தது என்ன? மத்தியப் புலனாய்வு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் சிறைகளைப் பற்றி, அமெரிக்கச் செனட்டின் உளவுத்துறைக் குழு 2014 டிசம்பரில் அறிக்கைச் சுருக்கத்தை வெளியிட்டது. அடைக்கப்பட்டவர்களாக அறியப்பட்டோர் 119 பேர். அவர்களுள் குறைந்தது 26 பேர், அந்த நிறுவனம் தனக்கு வகுத்துக்கொண்ட அளவுகோலின்படியே அடைக்கப்படத் தகாதவர்கள். வதை முறைகள் உண்மையை வரவழைக்கும் வழியாகப் பயன்படவில்லை என்றும் முடிவு கூறியது அவ்வறிக்கை. கதாசிரியனுக்கு ஒரு வசதி உண்டு: நாற்காலியில் கட்டப்பட்டவன் உண்மை அறிந்தவன்தான் என்று அவன் முன்கூட்டியே எழுதிவிடலாம். அந்த வசதி எந்த அரசுக்கும் கிடையாது. கிடையாத வசதியைக் கிடைத்ததாக எண்ணவைப்பதுதான் இக்கதைகள் செய்யும் கேடு.

2009-இல் தொடங்கிய ஏழாம் பருவத்தில் பாவரைச் செனட் விசாரணைக் குழுவின் முன் நிறுத்தினார்கள். அப்பாடா, கணக்குக் கேட்கும் நாள் வந்ததே என்று நிமிர்ந்து அமர்கிறோம். கேள்விகள் முடியுமுன்னே அரசாங்க ஏஜென்ட் ஒருவர் வந்து, அவசர வேலை என்று அவரை அழைத்துப் போய்விடுகிறார்! அவசரம் என்ற சொல்லின் முன் விசாரணை மண்டியிட்டது. இதைவிடத் தெளிவாக எவராலும் இந்தக் கதைகளின் உள்ளத்தைத் திறந்துகாட்ட முடியாது.

படக்கதைக்கு வருவோம். 1974-இல் ஸ்பைடர்மேன் ஏட்டில் பிறந்தவன் பனிஷர். குற்றவாளிகளைத் தானே தேடிக் கொல்பவன். மார்பில் மண்டையோட்டுச் சின்னம். நீதித்துறை தோற்றதால் முளைத்தவன் அவன். அந்தச் சின்னத்தையே அமெரிக்கக் காவலர் சிலர் தம் வண்டிகளில் ஒட்டிக்கொண்டனர். சட்டத்தின் தோல்விக்கு அடையாளமானதைச் சட்டத்தின் காவலரே அணிவதா என்று, அவனைப் படைத்த எழுத்தாளர் ஜெர்ரி கான்வே வெளிப்படையாகக் கண்டித்தார். 2019-இல் படக்கதையின் பனிஷரே, தன்னைப் போற்ற வந்த காவலரைக் கடிந்து அந்தச் சின்னத்தைக் கிழித்தெறிகிறான். கேட்டார்களா? 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின்மீது பாய்ந்த கும்பலிலும் அந்த மண்டையோடு காணப்பட்டது. படைத்தவன் சொல்லியும் கேளாமல், படைக்கப்பட்டவன் சொல்லியும் கேளாமல், துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு துயரத்தை விட்டுவிட்டார்கள் அந்த விசிறிகள்!

'டார்க் நைட்' திரைப்படம் 2008-இல் வந்தது. ஒரு கொடியவனைப் பிடிக்க, நகரத்தார் அனைவரின் தொலைபேசியையும் ஒற்றுக்கருவி ஆக்குகிறார் பேட்மேன். இது தவறு என்று இடித்துரைக்கிறார் நண்பர் பாக்ஸ். ஆயினும் ஒருமுறை இயக்க இசைகிறார். காரியம் முடிந்ததும் கருவி தானே அழிகிறது. ரசிகர் நெஞ்சம் குளிர்கிறது. 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் திறந்துகாட்டிய உண்மையோ வேறு. கோடிக்கணக்கான மக்களின் தொலைபேசி விவரங்களை ஆண்டுக்கணக்கில் திரட்டிய அந்த ஏற்பாடு தானாக அழியவில்லை. அம்பலமாகி, எதிர்ப்புக் கிளம்பி, 2015-இல் சட்டம் இயற்றிய பிறகே அந்தத் திரட்டல் நின்றது. நல்லவன் கையில் கொடுத்தால் அவனே திருப்பித் தருவான் என்பது கதை. பிடுங்கினால் ஒழியத் திரும்பாது என்பது வரலாறு.

நல்ல படைப்புகளே இல்லையா? உண்டு. 1998-இல் வந்த 'ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் ஓர் அத்தியாயம் உண்டு. தோற்கும் போரை வெல்ல, பொய்ச் சான்று புனைந்து, மற்றோர் அரசைப் போருக்குள் இழுக்கிறார் தளபதி சிஸ்கோ. இரண்டு கொலைகள் அந்தச் சூழ்ச்சியின் விலை. அவற்றை அவர் செய்யவில்லை. செய்தவனை வேலைக்கு அமர்த்தியவர் அவர். தன் குற்றத்தை நேரே நம்மைப் பார்த்துச் சொல்கிறார். இதனோடு வாழ்ந்துவிட முடியும் என்று தமக்குத் தாமே கூறிக்கொள்கிறார். பிறகு அந்தப் பதிவையே அழித்துவிடுகிறார். கதையில் சாட்சி இல்லை. நாம்தான் சாட்சி! மூர், கிப்பன்ஸ் இருவரும் 1986-87-இல் படைத்த 'வாட்ச்மென்' படக்கதையும் அத்தகையதே. உலகப் போரைத் தடுப்பதற்காக என்று சொல்லி, நியூயார்க் மக்களை இலட்சக்கணக்கில் கொன்று குவிக்கிறான் ஒரு 'வீரன்'. அந்தப் பிணங்களைப் பக்கம் பக்கமாக வரைந்து காட்டினர்; அதுவரை தெருமுனையில் நாம் பார்த்துப் பழகிய பத்திரிகை விற்பவரும், அவர் கடையருகே ஓசியில் படக்கதை படித்த சிறுவனும் அந்தக் குவியலில் கிடக்கிறார்கள். விலை கொடுத்தவர்களுக்கு முகம் தந்த கலை அது.

இதுதான் உரைகல், தோழர்களே! வீரன் அழுதானா என்று பார்க்காதீர். அவனால் அழுதவர்களைக் கதை நினைவில் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அவன் மனச்சாட்சி அவனை உறுத்தியதா என்பது அவன் வீட்டு விவகாரம். அவனை மன்றத்தில் நிறுத்த எவருக்கேனும் உரிமை இருந்ததா என்பது நாட்டு விவகாரம். மனச்சாட்சியே போதுமென்றால் மக்களாட்சி எதற்கு, மன்றங்கள் எதற்கு, சட்டம்தான் எதற்கு? நல்ல மன்னன் கிடைத்தால் போதும் என்று நம் முன்னோரை நம்பவைத்த பழங்கதையே, இன்று முகமூடி மாட்டிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறது.

படம் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால், விளக்குகள் எரிந்து வெளியே வரும்போது, பக்கத்தில் நடந்துவரும் தம்பியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த நாற்காலியில் கட்டப்பட்டிருந்தவன் பெயர் என்ன?"

அவன் விழிப்பான். அந்த விழிப்பிலிருந்து தொடங்குங்கள் உங்கள் உரையாடலை.