பச்சையாக உண்பது எப்போது நன்மை?

சமைக்காத உணவே நோயற்ற வாழ்வுக்கு வழி என்ற கருத்து அண்மைக்காலமாகப் பரவி வருகின்றது. நாட்டின் மரக்கறி விநியோகத்தில் முக்கிய இடம்பெறும் தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்துக்குத் தெற்கே, ஏ-9 வீதியில் அமைந்துள்ள நாவுல போன்ற விவசாயப் பிரதேசங்களின் மக்களுக்கும் இது குறித்த தெளிவு அவசியமாகும்.

பச்சையாக உண்பது எமக்குப் புதிதன்று. வல்லாரைச் சம்பல் இல்லாத சோற்றுக்கடை அரிது. வெப்பத்தால் அழியும் விட்டமின் சி, போலேற் ஆகியன பச்சை உணவில் கூடுதலாகக் கிடைக்கின்றன. நார்ச்சத்து நீரிழிவைக் கட்டுப்படுத்தவும் உதவுகின்றது.

ஆயினும், அடுப்பை முற்றாகக் கைவிடுவது அறிவுடைமையாகாது. தக்காளி, கரட் ஆகியவற்றின் சத்துக்களைச் சமைத்த பின்னரே உடல் நன்கு உறிஞ்சுகின்றது. மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாக உண்டால் சயனைட் நஞ்சு உடலிற் சேரும். நீண்டகாலம் பச்சை உணவையே உண்டோரிடம் ஜேர்மனியின் கீசன் நகர ஆய்வாளர்கள் மேற்கொண்டு 1999இல் வெளியிட்ட ஆய்வில், 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு மாதவிடாய் ஓரளவோ முற்றாகவோ தடைப்பட்டிருந்தமை தெரியவந்தது.

கிருமித்தொற்று மற்றுமோர் ஆபத்தாகும். 2011இல் அதே நாட்டில் முளைகட்டிய வெந்தயத்தின் மூலம் பரவிய ஈ-கோலி கிருமியால் சுமார் நான்காயிரம் பேர் நோயுற்றனர். ஐம்பதுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். வசதிமிக்க நாட்டிலேயே இந்நிலை எனின், ஈரநிலத்தில் படரும் வல்லாரையைப் பச்சையாக உண்ணும் நாம் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்? அசுத்த நீர் பட்ட கீரையால் நெருப்புக்காய்ச்சலும் செங்கண்மாரியும் பரவக்கூடும்.

கீரையைச் சுத்தமான ஓடும் நீரில் பலமுறை கழுவுவது இல்லத்தவர் கடமை. கர்ப்பிணிகள், சிறுவர், முதியோர் சமைக்காத முளைப்பயறைத் தவிர்ப்பது நன்று. எனினும், கழுவுவதால் கிருமிநாசினி எச்சம் முழுமையாக நீங்கிவிடாது. மருந்து தெளித்தபின் உரிய நாட்கள் கழிந்தே அறுவடை செய்வதை விவசாயிகள் உறுதிப்படுத்த வேண்டும். சந்தைக்கு வரும் மரக்கறியை ஒழுங்காகப் பரிசோதிக்க அரசாங்கம் முன்வர வேண்டும்.

பச்சையாக உண்ணுமாறு அறிவுரை கூறுவது எளிது. அவ்வாறு அச்சமின்றி உண்ணத்தக்க மரக்கறி சாதாரண மக்களுக்கும் கிடைக்கச் செய்வது சம்பந்தப்பட்டோரின் பொறுப்பாகும்.