பட்டமா, பணியா?

மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் ரபீ, பிதா, குரு என்னும் பட்டங்களைச் சீடர்களுக்கு இயேசு விலக்குகிறார். எபேசியர் 4:11இலோ மேய்ப்பரும் போதகரும் சபைக்கு அருளப்பட்டோர் எனக் காண்கிறோம். முரண்பாடன்றோ என்பர் சிலர். அன்று; முன்னது பட்டத்தை மறுக்கிறது, பின்னது பணியைத் தருகிறது.

ஆயினும், எபிரெயர் 13:17ஐக் காட்டித் தமக்குக் கீழ்ப்படியச் சொல்லும் தலைவர்களை நான் ஏற்கேன். தலைவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்று அதே வசனம் கூறுகிறதே, அதை ஏன் மறைக்கின்றனர்? மந்தையை இறுமாப்பாய் ஆளலாகாது என 1 பேதுரு 5:3உம் தடுக்கிறதே!

போதிப்போர்க்குத் தீர்ப்பு கடுமையானது என்கிறது யாக்கோபு 3:1. வகுப்பில் நிற்கும்போதெல்லாம் அவ்வசனம் என்னை அச்சுறுத்துகிறது. அழைப்புப் பெற்றோம் என்போரும் அதற்குச் சற்றே அஞ்சட்டும்.