கைநாட்டு ஒழிந்ததா?

கொல்லிமலையிலே கைநாட்டு வைத்த பாட்டன்மார் உண்டு. மனுவை வேறொருவர் எழுதுவார். பாட்டன் பெருவிரலை அழுத்துவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது? அவர் அறியார்! இன்று அவர் பேரப்பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியிலே பேனா பிடிக்கிறார்கள். கைநாட்டு ஒழிந்தது என்று களித்தோம். அந்தக் களிப்பு நிலைக்குமா என்பதே இன்றைய கேள்வி!

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. தலைப்பைச் சொன்னால் போதும், கண் இமைக்கும் நேரத்தில் கட்டுரை கைக்கு வருகிறது. அதன் அடியில் பேரன் தன் பெயரை எழுதிக் கொடுத்தால், தோழர்களே, அதுவும் கைநாட்டுத்தானே!

"தடை செய்!" என்கிறார்கள் சிலர். நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் தடை போட்டன. மே மாதமே விலக்கிக்கொண்டன.

"கண்டுபிடிக்கக் கருவி உண்டு" என்கிறார்கள் வேறு சிலர். சாட்ஜிபிடியைப் படைத்த ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படியொரு கருவியை வெளியிட்டது. கணிப்பு சரியில்லை என்று 2023 ஜூலையில் கைவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 7 கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் சொந்தமாக எழுதிய 91 கட்டுரைகள். சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று பழி சுமத்தின அக்கருவிகள்! எளிய சொற்களில் எழுதியதே குற்றமாம்! நாளை செம்மேட்டு மாணவி தானே ஆங்கிலத்தில் எழுதினாலும் திருட்டுப் பட்டம்! இதுவா நீதி?

தடையும் தீர்வல்ல, வேவுக்கருவியும் தீர்வல்ல. அதற்காக இயந்திரத்திடமே பேனாவைக் கொடுத்துவிடலாமா? கூடாது! 'எங்கள் மலை' என்று தலைப்புக் கொடுத்தால், வல்வில் ஓரியைச் சொல்லும் இயந்திரம். ஆகாய கங்கையைச் சொல்லும். மிளகு பறித்துக் காய்த்துப்போன தாயின் கையைக் கண்டதுண்டா அது? சாமைக்கு விலை கிடைக்காமல் தந்தை விழித்திருந்த இரவை அறியுமா? அதை எழுதப் பிள்ளை ஒருவரால்தான் முடியும். எழுத எழுதத்தான் எண்ணம் தெளியும். எண்ணம் தெளிந்தவனே உரிமை கேட்பான். பொதுத்தேர்வுக் கூடத்திலும் துணைக்கு வராது இயந்திரம்.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: முதலில் பிள்ளை எழுதட்டும். பிறகு பிழை திருத்த, ஐயம் கேட்க இயந்திரம் வரட்டும். வகுப்பிலேயே எழுதவைத்து, ஒவ்வொரு தாளையும் படித்துத் திருத்தப் போதிய ஆசிரியர்கள் வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

இன்னொன்றும் உண்டு. வேலை முடிந்து வீடு திரும்பும் தோழரே, உமக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கேட்கத் தெரியும். "இன்று நீ எழுதியதைப் படித்துக் காட்டு" என்று பிள்ளையிடம் சொல்லும். சொந்தச் சொல்லா, இரவல் சொல்லா என்பதை உம் காது கண்டுகொள்ளும்!