கர்ணம் எழுதியதைக் கணினி வாசிக்கிறது

இ-சேவை மையத்தில் ஒரு எண்ணைத் தட்டினால் போதும். பெயர், தகப்பன் பெயர், முகவரி எல்லாம் படிவத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 'பாருங்க, எவ்வளவு சுலபமா ஆயிடுச்சு' என்கிறார்கள். சுலபம்தான். யாருக்கு?

இதில் மாயம் ஒன்றுமில்லை. நாம் தரும் எண்ணோடு கணினி ஒரு பதிவேட்டுக்குள் போகிறது. அந்த எண்ணுக்கு நேரே உள்ள வரியைப் பிடித்து, கட்டம் கட்டமாகப் படிவத்தில் கொட்டுகிறது. ஏட்டில் இருப்பது வரும், இல்லாதது வராது. தப்பாக இருப்பது தப்பாகவே வரும். அச்செழுத்தில் வருவதால் அதுவே உண்மையாகிவிடும். எனவே தோழர்களே, நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த ஏட்டை முதலில் எழுதியவன் யார்?

நிலத்தையே எடுத்துக்கொள்வோம். சர்வே எண்ணைக் கொடுத்தால் பட்டாதாரர் பெயரை இணையம் காட்டுகிறது. அதற்கு வேர் கிராமக் கணக்கு. 1980இல் ஒழிக்கப்படும்வரை கர்ணம், மணியம் பதவிகள் பரம்பரையாகப் பெரும்பாலும் ஆதிக்க சாதிகளின் கையில்தான் இருந்தன. சேரிக்காரன் பெயர் அந்தக் கணக்கில் எப்படி ஏறியிருக்கும்? 1892 ஆணைப்படி ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தரப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. இன்று அந்த எண்களைத் தட்டினால் யார் பெயர் வருகிறது? அபகரித்தவன் பெயரைத்தான் கணினி பணிவோடு நிரப்பித் தருகிறது.

நெய்வேலிக்கு வருவோம். 1956இல் நிறுவனம் தொடங்கியது முதல் சுற்றுவட்டாரக் கிராமங்கள் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. நிலத்துக்கான இழப்பீடு சர்வே எண்ணைப் பிடித்துப் பட்டாதாரரிடம் போய்ச் சேர்கிறது. அதே வயலில் நாற்று நட்டவள், களை பறித்தவள், அறுத்துக் கட்டியவன் எந்தக் கட்டத்தில் வருவார்கள்? 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், எடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அங்கே உழைத்துப் பிழைத்த, நிலமற்ற கூலிக் குடும்பத்தையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றே சொல்கிறது. சட்டத்தில் ஆள் உண்டு. பட்டா ஏட்டில் அவனுக்குக் கட்டம் கிடையாது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட நெற்பயிர்மேல் பொக்லைன் ஏறியது. அந்தப் பயிரை நட்ட கைகளின் பட்டியல் எந்தக் கணினியில் இருக்கிறது?

மாணவத் தோழர்களுக்கு இது புதிதல்ல. பட்டியல் சாதி மாணவர்களின் கல்வி உதவித்தொகைக்குத் தகுதி, சாதி, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இணையத்திலேயே சரிபார்க்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. பள்ளிச் சான்றில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால் என்றிருந்தால் இரண்டையும் ஒரே ஆள் என்று இயந்திரம் எப்படி நம்பும்? மதம் என்ற கட்டத்தில் 'கிறித்தவர்' என்று வந்தால் பறையர் வீட்டுப் பிள்ளை பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடும். அது 1950 குடியரசுத் தலைவர் ஆணை செய்த அநியாயம். அதை ஒரு நொடியில், ஆள் முகம் பார்க்காமல் செய்து முடிக்கிறது இயந்திரம்.

அதற்காகக் கணினியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிகாரி வீட்டுத் திண்ணைக்குக் கீழே கைகட்டி நின்று, 'நீ எந்தத் தெரு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சான்று வாங்கிய காலம் நமக்கு ஒன்றும் பொற்காலமில்லை. அந்த வாசலுக்குப் போகாமல் சான்று கிடைப்பது நமக்கு லாபம்தான். ஆனால் அங்கே சண்டை போட ஒரு ஆளாவது இருந்தான். 'தகவல் இல்லை' என்று காட்டும் திரையோடு யார் சண்டை போடுவது?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. தானாக நிரம்பும் ஒவ்வொரு கட்டமும் எந்த ஏட்டிலிருந்து, எந்த ஆண்டுப் பதிவிலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். எந்தக் கட்டத்தையும் பூட்டக் கூடாது. 'இது தப்பு' என்று எழுத இடம் வேண்டும், அதற்கு ஒப்புகைச் சீட்டும் கெடுவும் வேண்டும். 'தகவல் இல்லை' என்பதையே காரணமாக்கி மனுவைத் தள்ளக் கூடாது. அதிகாரி ஊருக்கு வந்து விசாரிக்க வேண்டும். சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் முன்பே கூலிக் குடும்பங்களின் பட்டியலைக் கிராம சபையில் வாசித்துப் பதிய வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க முடியாது. கணினி தெரிந்த மாணவர்கள் சேரிக்குப் போங்கள். வீடு வீடாக உட்கார்ந்து யார், எந்த வயலில், எத்தனை வருசமாக உழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நம்ம கணக்கை நாமே எழுதுவோம்.