எந்த அசல்?

பழைய டர்ன்டேபிளுக்குப் புதுப் பீடமும் டோன்ஆர்மும் பொருத்துவது அசலைக் கெடுப்பதாம். எந்த அசலை? இங்கிலாந்தின் ஸ்விண்டனில் 1950களில் தயாரான காரார்ட் 301, மோட்டாரும் சுழல்தட்டுமாகவே விற்பனைக்கு வந்தது. பீடத்தையும் ஆர்மையும் வாங்கியவர்தான் தேடிக்கொள்ள வேண்டும். சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் டிடி 124-இலோ ஆர்ம் பலகையைக் கழற்றி மாற்றவே வழி வைத்திருந்தார்கள். 301-இல் ரப்பர் விளிம்புள்ள இடைச்சக்கரம் மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்துகிறது, கூடவே அதிர்வையும். மெல்லிய பலகைப் பெட்டியில் அது உறுமலாகி முள்ளுக்கு ஏறும். கனத்த பீடம் அங்கே அலங்காரமல்ல (சிலர் சொல்லும் விலையைக் கேட்டால் அப்படித் தோன்றலாம்).

1961-இல் வந்த ஏஆர் எக்ஸ்ஏ போன்றவற்றுக்கு அந்த ஆட்சேபம் பொருந்தும். அதில் ஆர்மும் தட்டும் ஒரே சட்டத்தில், சுருள்வில்களில் தொங்குகின்றன. ஆர்மின் எடை மாறினால் சமநிலை குலையும். அதைத் தொடவேண்டாம். 301-ஐத் தாராளமாக மாற்றுங்கள். அதன் உலோக உடலில் புதுத் துளை மட்டும் போடாதீர்கள்.