மாதர் பகுதி: மௌனம் மருந்தாகாது

தில்லை நகரில் வைத்தியர் பலகைகளுக்குக் குறைவில்லை. ஆயினும், மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் உடம்பு கனன்று, இரவெல்லாம் வியர்த்து உறக்கமிழக்கும் நம் சகோதரிகளிற் பலர் அவ்வாசலை மிதிப்பதில்லை. 'வயதானால் அப்படித்தான்' என்பதே வீட்டார் தரும் மருந்து.

உடலில் குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுத்தால் அக்கனல் தணியும். எலும்புத் தேய்வும் தடைப்படும். 2002-ல் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, இதனைப் புரோஜெஸ்டினுடன் உண்டவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் அதிகமாக மார்புப் புற்றுநோய் அடைந்தனர் என்றது. பக்கவாதமும் இரத்த உறைவும் கூடின. உலகம் அஞ்சிற்று. ஆனால் அம்மாதரின் சராசரி வயது 63! அறுபதுக்கு முன்னரே தொடங்குவோர்க்குப் பெரும்பாலும் நன்மையே மிகுதி.

கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியே உண்ணலாகாது. அங்கே புற்றுநோய் தோன்றக்கூடும். மார்புப் புற்றுநோய் கண்டவர்க்கு இது பொதுவாக ஏற்றதன்று. ஆகவே அண்டை வீட்டார் மாத்திரையை விழுங்காதீர்கள். வைத்தியரிடம் கூசாமற் கேளுங்கள்.