இன்சுலின் ஊசி போட்டால் ரத்தக்குழாய் அடைக்குமா?

'சுகருக்கு ஊசி போட ஆரம்பிச்சா ஹார்ட்டுல அடைப்பு வந்துரும்லப்பா?' சின்னமனூர், கம்பம் பக்கம் சுகர் பேச்சு எழுந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். பயத்தில் ஊசியைப் பாதியில் நிறுத்துபவர்களும் உண்டு.

சிரித்துவிட்டுப் போகிற பயம் இல்லை இது. ஆராய்ச்சியாளர்களே 1960-களிலிருந்து துருவிய விஷயம். உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது, கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். பிபி ஏறுவது, ட்ரைகிளிசரைடு கூடுவது, நல்ல கொழுப்பு குறைவது எல்லாம் இதோடு கைகோத்து வருவதை 1988-ல் அமெரிக்க டாக்டர் ஜெரால்டு ரீவன் எடுத்துச் சொன்னார்.

ரத்தக்குழாயில் இன்சுலினுக்கு இரண்டு வேலை. நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கவைத்துக் குழாயைத் தளர்த்துவது ஒன்று. குழாய்ச்சுவர் செல்களை வளரத் தூண்டுவது இன்னொன்று. உடல் கட்டுப்பட மறுக்கும்போது முதல் வேலை படுத்துவிடும். இரண்டாவது மட்டும் ஜோராக நடக்கும். சுவர் தடித்து, கொழுப்பும் படிந்தால், தூர்வாராத வாய்க்கால் கதைதான்.

அப்படியென்றால் ஊசி? 12,500-க்கும் அதிகமானவர்களைச் சுமார் ஆறு ஆண்டுகள் கவனித்த 'ஆரிஜின்' ஆய்வின் முடிவு 2012-ல் வந்தது. இன்சுலின் போட்டவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை, குறையவும் இல்லை. ஊசியை நிறுத்தி, எகிறும் சர்க்கரையை அப்படியே விடுவதுதான் குழாயைக் கெடுக்கும். டைப் 1 நோயாளி நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

சிக்கல் ஊசியில் இல்லை, கட்டுப்படாத உடலில். இருபோக நெல் விளையும் பள்ளத்தாக்கில் மூன்று வேளையும் அரிசி. வயலுக்குக்கூட பைக்கில் போகிறோம். (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம பன்னீர் திராட்சையையும் சுகர்காரர்கள் கொத்துக்கொத்தாகச் சாப்பிட முடியாது!)

சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களிடம் நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டுமே, மூன்று வருடங்களில் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவிகிதம் குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரைக்குக் கிடைத்த பலனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

வீட்டில் டேப் இருந்தால் இப்போதே வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சுகரோடு பிபி, கொழுப்பு டெஸ்ட்டும் கேட்டு வாங்குங்கள். ஊசி அளவைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் டாக்டரிடம் கேட்டுத்தான்.